வேலைத்தலப் பக்கம்: கதவைத் திறந்தால் மெசின் நிற்க வேண்டும்



சென்ற இதழில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தோம். அதன் பிறகு வெம்பிளி ஹை றோட்டிலும் ஈலிங் றோட்டிலும் எங்களை மறித்துப் பலர் கேட்டார்கள், "அடுத்த முறை என்ன எழுதப் போறியள்?" என்று. ஓய்வூதியக் கழிவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதை இன்னொரு இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறோம். எங்களுடைய லைனில் நடந்த ஒன்றை இந்த முறை எழுத வேண்டியிருக்கிறது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நாங்கள் என்று சொல்வது ஆறு பேரை. பார்க் றோயலில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில், ஒரே லைனில், இரவுச் சிப்ற்றில் நிற்பவர்கள். ஒருவருக்கும் பெரிய படிப்பு இல்லை. ஓ.எல். சோதனையோடு நின்றவர்கள், அதற்கும் முன்னரே நின்றவர்கள். எழுதுகிற கை ஒருவருடையது. மற்றவர்கள் இடைவேளையில் தேத்தண்ணியோடு இருந்து சொல்லச் சொல்ல எழுதப்பட்டது இது.

பார்க் றோயல் வெம்பிளிக்குப் பக்கத்தில்தான். லண்டனின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. கின்னஸ் மதுபான ஆலை 2005 வரை அங்கேதான் இருந்தது. ஹாள்ஸ்டனில் ஹைன்ஸ் தொழிற்சாலை 2000 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பெரிய பெயர்கள் போனாலும், பாண், பிஸ்கட், சமைத்த சாப்பாடு செய்கிற சிறிய இடங்கள் நிறைய இருக்கின்றன. புதிதாக வந்த எம்மவர்கள் பலருக்கு முதல் வேலை அங்கேதான் கிடைக்கிறது. அதனால்தான் இதை முக்கியமாகப் புதியவர்களுக்கு எழுதுகிறோம்.

எங்கள் மெசின் தட்டு ஒட்டும் மெசின். சோறும் கறியும் போட்ட பிளாஸ்ரிக் தட்டுக்கள் பட்டியில் நாலு நாலாக உள்ளே போகும். மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாள் சுருளிலிருந்து வரும். தட்டுக்கள் சரியான இடத்துக்கு வந்ததும் கீழிருந்து காற்றமுக்கத்தில் ஒரு மேடை எழும்பி, தட்டுக்களை மேலேயுள்ள சூட்டுத் தகட்டோடு சேர்த்து அமத்தும். தாள் ஒட்டும், ஓரத்தைக் கத்தி வெட்டும், மேடை இறங்கும். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள்.

அந்த மேடைக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு. கதவில் உருக்கினால் ஆன ஒரு சின்ன நாக்கு. கதவைச் சாத்தினால் அந்த நாக்கு சட்டத்திலுள்ள சுவிட்சின் வாய்க்குள் போகும். திறந்தால் வெளியே வரும், மின்தொடர்பு அறும், மெசின் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். கதவு திறந்திருக்கும்போது மெசின் ஓடக்கூடாது என்பதற்காக ஆக்கள் யோசித்துச் செய்து வைத்த ஏற்பாடு.

ஆனால் எங்கள் மெசினில் தாள் சுருங்கிச் சிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, சிக்கலை எடுத்து, கதவைச் சாத்தி, ரீசெற் அமத்தி, தகடு திரும்பச் சூடேறும் வரை காத்திருந்தால் இரண்டு நிமிடம் போய்விடும். சுவரில் ஒரு பலகை இருக்கிறது. மணித்தியாலத்துக்கு எத்தனை தட்டு என்று இலக்கம் காட்டும். குறைந்தால் இலக்கம் சிவப்பாகும். சிவப்பானால் லைன் லீடர் வருவார். ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு, நாளைக்கு வேலை இல்லை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தாலே போதும், அந்தக் கிழமை வாடகை தவறிவிடும்.

எனவே ஒரு தந்திரம் இருந்தது. கதவிலுள்ள நாக்கைப் போலவே தனியாக ஒரு நாக்கு. அதைச் சுவிட்சின் வாயில் செருகி நீல ரேப்பால் ஒட்டிவிட்டால், கதவு சாத்தியிருப்பதாக மெசின் நினைத்துக்கொள்ளும். கதவைத் திறந்துவைத்தபடியே சிக்கலைக் கையால் இழுத்து எடுக்கலாம். அந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே லாச்சிக்குள் கிடந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எங்களுக்குக் காட்டித் தந்தார்கள். நாங்கள் பின்னால் வந்தவர்களுக்குக் காட்டிக் கொடுத்தோம். லைன் லீடர்மார் பாராததுபோலப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இளம் வயதில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராகப் பழகியவர். 1990 இல் சண்டையோடு அது நின்றபோது வெளிக்கிட்டவர். அவர் ஒருவர்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"உதை ஏன் ஒட்டி வைச்சிருக்கிறியள்? ஒரு நாளைக்குக் கை போகப் போகுது."

"சும்மா விடுங்கோ அண்ணை. பலகை சிவப்பாப் போச்சுது, பாருங்கோ."

அதோடு அவரும் பேசாமல் இருந்துவிடுவார்.

போன மாரியில் ஒரு வியாழக்கிழமை இரவு, இரண்டரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் அது நடந்தது. தம்பி ஒருவர் வேலைக்கு வந்து மூன்று கிழமை. கிளிநொச்சிப் பக்கம். வயது இருபத்துமூன்று. தாள் சிக்கியது. நாங்கள் காட்டிக் கொடுத்தபடியே திறந்த கதவுக்குள் வலக்கையை விட்டுத் தாளை இழுத்தார். மெசின் நின்றுதான் இருந்தது. ஆனால் அது வேலை முடிந்து நின்ற நிற்பு அல்ல, அடுத்த தட்டுக்காகக் காத்திருந்த நிற்பு. சிக்கிய தாளோடு ஒரு தட்டும் சேர்ந்து அசைந்து, தட்டை எண்ணுகிற சென்சருக்கு முன்னால் வந்தது. தட்டு வந்துவிட்டது என்று சென்சர் சொன்னது. மேடை எழும்பியது.

நடுவிரலிலும் மோதிரவிரலிலும் மேல்கணு போய்விட்டது. வைத்தியசாலையில் திரும்பப் பொருத்த முடியவில்லை.

இனி எழுதப் போவதைத்தான் எழுத வெட்கம் என்று முதலில் சொன்னோம். தம்பியின் கையில் துணி சுற்றுவதற்கு முன்னரே எங்களில் ஒருவர் ஓடிப்போய், சுவிட்சின் வாயிலிருந்த அந்த நாக்கைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யார் என்று எழுதமாட்டோம். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அடுத்தநாள் காலை விசாரணையில், கதவு எப்படித் திறந்திருக்க மெசின் ஓடியது என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியாது என்றோம். பெடியன் ஏதோ செய்திருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் அண்ணை எங்கள் எல்லோரையும் அல்பேட்டனில் தன்னுடைய வீட்டுக்குக் கூப்பிட்டார். தேத்தண்ணிகூடத் தரவில்லை.

"பெடியன்ர விரல் போட்டுது. இப்ப அவன்ர பேரையும் எடுக்கப் போறியளோ? உதைக் கொண்டுபோய்க் குடுங்கோ."

வேலை போய்விடும் என்று சொன்னோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊருக்கு அனுப்புகிற காசு, கட்டுகிற சீட்டு, எல்லாம் சொன்னோம். அவர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நாங்கள் ஆறு பேரும் ஒன்றாகப் போய் அந்த நாக்கை மேசையில் வைத்தோம். ஆறு பேருக்கும் எழுத்துமூல எச்சரிக்கை கிடைத்தது. வேலை போகவில்லை. அதன் பிறகுதான் பராமரிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். தாள் சிக்குகிறது, திருத்த வேண்டும் என்று முன்னர் இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. ஒருவரும் திருத்தவில்லை. தம்பியின் கோப்பில் எழுதியிருந்த வசனம் மாறியது.

இனி அந்த மெசினுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறோம். புதிய பாதுகாப்புக் கருவிகள் பூட்ட இரண்டு பேர் வந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலை. மெசினைக் கழுவித் துடைத்துக் கொடுக்க எங்களை ஓவர்ரைமில் கூப்பிட்டார்கள். வந்தவர்களில் பெரியவர் ஒரு போலந்துக்காரர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எங்களுக்கு விளங்கியதை இங்கே தருகிறோம்.

முதலில் அவர் சென்சரைத் தொடவே இல்லை. தாள் ஏன் சிக்குகிறது என்று பார்த்தார். சுருளைப் பிடிக்கிற பிறேக் தேய்ந்திருந்தது. அதை மாற்ற அரை நாள். இப்போது ஒரு சிப்ற்றுக்கு ஒரு தரமோ இரண்டு தரமோதான் சிக்குகிறது. "பாதுகாப்பை ஆக்கள் ஏன் கழற்றுகிறார்கள் என்று பாராமல் புதிய பாதுகாப்புப் பூட்டினால் அதையும் கழற்றுவார்கள்" என்றார் அவர். அந்த அரை நாள் வேலையை முன்னரே செய்திருந்தால் தம்பிக்கு விரல் இருந்திருக்கும்.

இரண்டாவது, கை போகவே தேவையில்லாத பக்கங்களை எல்லாம் தகட்டால் மூடி, ஆயுதம் இல்லாமல் கழற்ற முடியாதபடி ஆணி முடுக்கினார். திறக்க வேண்டிய தேவை இல்லாத இடத்துக்கு நிரந்தர மூடிதான் நல்லது. அதில் பழுதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது, கதவுச் சுவிட்ச். பழைய நாக்குச் சுவிட்சை எடுத்துவிட்டு, குறியீடு உள்ள புதிய வகையைப் பூட்டினார். கதவிலுள்ள துண்டும் சட்டத்திலுள்ள துண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணும். வேறு துண்டைக் கொண்டுவந்து வைத்தால் ஏற்காது. கதவுக்கு ஒரு பூட்டும் சேர்த்தார். மேடை முழுதாக இறங்கி நிற்கும் வரை கதவு திறபடாது. சுவிட்சிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி இரண்டு தனி வழியாகப் போகிறது. ஒன்று அறுந்தாலோ ஒட்டிப்போனாலோ மற்றது மெசினை நிறுத்தும். இரண்டும் ஒரே மாதிரிச் சொல்லாவிட்டால் மெசின் திரும்ப ஓடாது.

நாலாவது, தட்டு உள்ளே போகிற வாயில். அங்கே கதவு போட முடியாது. அதற்கு ஒளித்திரை. இரண்டு பக்கமும் இரண்டு தூண். ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாகப் போகும். கை குறுக்கே போனால் கதிர் மறைபடும், மெசின் நிற்கும். தட்டு போகும்போது மட்டும் நிறுத்தாமல் விடுவதற்குத் தனிச் சென்சர்கள் இருக்கின்றன.

ஒளித்திரையை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதில்தான் எங்களுக்கு ஆச்சரியம். எங்களில் ஒருவர் கேட்டார், மெசினோடு ஒட்டினாற்போல வைத்தால் இடம் மிச்சம்தானே என்று. அவர் சிரித்துவிட்டுக் கணக்குக் காட்டினார். மனிதனுடைய கை விநாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் போகும் என்று கணக்கில் எடுப்பார்கள். கதிர் மறைபட்டதிலிருந்து மெசின் முழுதாக நிற்கும் வரை 0.2 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் கை 40 சென்ரிமீற்றர் போய்விடும். ஆகவே ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றர் தள்ளித் திரை இருக்க வேண்டும். கதிர்களுக்கு இடையில் இடைவெளி கூடினால் விரல் நுழையும், ஆகவே இன்னும் தள்ள வேண்டும். மெசின் பழசாகி பிறேக் தளர்ந்து நிற்கும் நேரம் கூடினாலும் பழைய தூரம் காணாது. ஆகவே நிற்கும் நேரத்தைக் கருவி வைத்து அளந்துதான் திரையைப் பூட்டினார். சென்சர் இருக்கிறது, பயமில்லை என்று நினைக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். சென்சர் உடனே பார்க்கும். மெசின் உடனே நிற்காது.

ஐந்தாவது, ரீசெற் பொத்தான். முன்னர் அது கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கை உள்ளே இருக்க மற்றக் கையால் அமத்தலாம். இப்போது தள்ளி வைத்திருக்கிறார். அதில் நின்றால் ஆபத்தான இடம் முழுவதும் தெரியும், ஆனால் கை எட்டாது. ரீசெற் அமத்தினால் மெசின் ஓடாது. ஓடத் தயார் என்று மட்டும்தான் அர்த்தம். ஓடவைக்க வேறு பொத்தான்.

மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் போல இருக்கும் அவசர ஸ்ரொப் பல மெசின்களில் உண்டு. அது வேண்டும்தான். ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது. ஏதோ பிழைத்துவிட்டது என்று கண்ட பிறகு அமத்துவது அது. அன்றைக்கும் எங்களில் ஒருவர் அமத்தினார். அமத்தியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு சிப்ற்றும் தொடங்கும்போது ஒரு கறுப்புத் தடியை ஒளித்திரையின் மேலே, நடுவே, கீழே பிடித்துப் பார்க்கிறோம். கதவைத் திறந்து பார்க்கிறோம். நின்றால் மட்டும்தான் கையெழுத்து. கழுவும்போதும் திருத்தும்போதும் மின்னையும் காற்றையும் அடைத்து ஆமைப்பூட்டுப் போடுகிறோம். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு திறப்பு. மூன்று பேர் உள்ளே வேலை செய்தால் மூன்று பூட்டு. மின்னை நிறுத்தினாலும் குழாய்க்குள் நிற்கும் காற்று மேடையைத் தூக்கும் என்பதை மறக்கக்கூடாது.

இரும்புத் தகடு வெட்டுகிற, அமத்துகிற பிறெஸ்களில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வகைப் பிறெஸ் சில ஒருமுறை இறங்கத் தொடங்கினால் சுற்று முடியும் வரை நடுவில் நிற்காது. அதற்கு ஒளித்திரை பூட்டிப் பயனில்லை. கை போக முடியாதபடி மூடித்தான் ஆக வேண்டும். பவர் பிறெஸ் காவல்களை ஒவ்வொரு சிப்ற்றிலும் முதல் 4 மணித்தியாலத்துக்குள் பழகியவர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம்.

சட்டம் என்று வந்தபடியால் அதையும் சொல்கிறோம். இந்த நாட்டிலும் இது சும்மா வந்ததல்ல. 1844 இல்தான் பஞ்சாலைகளில் சுழலும் தண்டுகளுக்கு வேலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆலை முதலாளிமார் எதிர்த்து நின்று 1856 இல் அதைத் தளர்த்துவித்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இறுகியது. 1955 இல் சாணைக்கல்லில் பெருவிரல் பட்டுக் காயப்பட்ட தொழிலாளி ஒருவருடைய வழக்கில், வேலி போட்டால் மெசினைப் பாவிக்கவே முடியாது என்றாலும் போடத்தான் வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. 1974 இல் வேலைத்தலச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது மெசின்களுக்கு உள்ளது 1998 ஆம் ஆண்டின் வேலைக் கருவிகள் ஒழுங்குவிதிகள். அதன் 11 ஆம் விதி சொல்வது இதுதான்: ஆபத்தான பகுதியைக் கை எட்டாமல் தடுக்க வேண்டும், அல்லது கை எட்டுமுன் அது நின்றுவிட வேண்டும். எச்சரிக்கைப் பலகையும் பயிற்சியும் அதற்குப் பிறகுதான் வரும். கவனமாக இரு என்று சொல்லிவிட்டு முதலாளி கைகழுவ முடியாது.

எங்கள் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அதிலும் மெசினுக்கு வேலி போடச் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில், சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைத்தொலைபேசித் தொழிற்சாலை 2014 வரை இருந்தது. 2010 ஆம் ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் இருபது வயதைத் தாண்டிய இளம் பெண் ஒருவர் அங்கே மெசினுக்குள் கழுத்து அகப்பட்டு இறந்துபோனார். உற்பத்தி தடைப்படக்கூடாது என்பதற்காகச் சென்சரை வேலை செய்யாமல் விட்டிருந்ததாகத் தொழிலாளர் பக்கத்தில் குற்றம் சாட்டினார்கள். அதை வாசித்தபோது எங்களுக்கு அந்தச் சுவர்ப் பலகையின் சிவப்பு இலக்கம்தான் நினைவுக்கு வந்தது. நாடு வேறு, மெசின் வேறு. நின்ற அவசரம் ஒன்றுதான்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மிதிவெடிப் பலகை தெரியும். சிவப்புப் பலகையில் மண்டையோடு. அதற்கு அப்பால் மாடு போனாலும் நாங்கள் பின்னால் போகமாட்டோம். பந்து விழுந்தாலும் போகமாட்டோம். அப்படி வளர்ந்த நாங்கள் இங்கே வந்து ஒரு தட்டுச் சோற்றுக்காகக் கதவுக்குள் கை விட்டோம். அங்கே பலகையைக் கழற்றிவைக்க ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இங்கே சொல்லித் தந்தார்கள், நாங்களும் சொல்லிக் கொடுத்தோம்.

இனிப் புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை.

முதல் நாளே கேளுங்கள்: இதை எப்படி நிறுத்துவது? கதவைத் திறந்தால் நிற்குமா? சிக்கினால் யாரைக் கூப்பிடுவது? ஆங்கிலம் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். விளங்கும்படி சொல்லித் தர வேண்டியது முதலாளியின் கடமை. தெரிந்தவர் ஒருவரைக்கொண்டு மொழிபெயர்த்துத் தரச் சொல்லலாம். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். பாதுகாப்புக்கு வேண்டிய கையுறை, கண்ணாடிக்குக் காசு கழிக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

சுவிட்சில் ரேப், காந்தம், கம்பி, தனி நாக்கு எதையாவது கண்டால் மெசினில் வேலை தொடங்க வேண்டாம். பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். சொன்ன திகதியை எழுதி வையுங்கள். பாதுகாப்புக்காக வைத்ததை வேண்டுமென்று கெடுப்பது 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்படி குற்றம். அது தொழிலாளிக்கும் பொருந்தும். காயப்பட்டால் நட்டஈடும் அதனால் குறையலாம்.

உடனடியான பாரதூரமான ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் விலகி நிற்க உரிமை உண்டு. 1996 ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டம் அதற்காக உங்களைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. 2021 மே 31 இலிருந்து ஏஜென்சியில் வேலை செய்பவர்கள் போன்றவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. சொல்லியும் கேட்காவிட்டால் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகமான எச்.எஸ்.ஈ.க்கு அறிவிக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். தொழிற்சங்கம் இருந்தால் சேருங்கள். 1976 இல் இதே பிரெண்ட் பகுதியில் குறண்விக் தொழிற்சாலைக்கு வெளியே ஜெயாபென் தேசாய் அம்மாவும் தோழர்களும் இரண்டு வருடம் நின்றதை இங்குள்ள பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். எங்களைப்போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் அவர்களும்.

காயப்பட்டால், சின்னக் காயம் என்றாலும், விபத்துப் புத்தகத்தில் எழுதுவியுங்கள். விரல் துண்டிக்கப்பட்டால் முதலாளி தாமதமில்லாமல் எச்.எஸ்.ஈ.க்கு அறிவிக்க வேண்டும். 2013 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு முதலாளியும் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்குத் தொழிலாளர் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நட்டஈட்டு வழக்குக்கு விபத்திலிருந்து பொதுவாக 3 வருடம் தவணை. யாருடைய பிழை என்று பாராமல் அரசாங்கம் தருகிற தொழில் விபத்து உதவித்தொகையும் உண்டு. அதற்குப் பொதுவாக இயலாமை 14 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிடப்பட வேண்டும்.

அக்காமார், தங்கச்சிமாருக்கும் ஒன்று. உங்கள் வீட்டுக்காரர் வேலையால் வந்ததும், இன்றைக்கு எத்தனை மணித்தியாலம் கிடைத்தது என்று கேட்பீர்கள். நாங்களும் வீட்டில் அதைத்தான் கேட்கப் பழக்கியிருக்கிறோம். நிற்கிற மெசினுக்குக் கதவு இருக்கிறதா என்றும் ஒருதரம் கேளுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டி வரும் என்று தெரிந்தால் அவர் கொஞ்சம் யோசிப்பார்.

தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். காயம் ஆறிவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் வழக்கைப் பார்க்கிறார். நாங்கள் ஆறு பேரும் சாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்போது அவர் பொதி செய்யும் பக்கத்தில் நிற்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடொன்றில் சாப்பிட வந்தார். சோறு பிசையக் கஷ்டப்பட்டார். கரண்டி கொடுத்தோம், வேண்டாம் என்றார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் வந்தார். முகத்தைப் பார்த்துக் கதைக்கிற அழைப்பு. தம்பி இடக்கைக்குத் தொலைபேசியை மாற்றிக்கொண்டு, வலக்கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதைத்தார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

"வேலை சுகமோ அப்பன்?" என்று அம்மா கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஓம் அம்மா, சுகம்" என்றார் தம்பி.

இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்க முன்னர் தம்பிக்கு வாசித்துக் காட்டினோம். போடுங்கோ என்றார். நாக்கைக் கழற்றிய கதையையும் போடுவதோ என்று கேட்டோம். "அதைத்தான் முதல் போடுங்கோ" என்றார்.

உங்கள் வேலைத்தலத்தில் இப்படி ஏதும் இருந்தால் தொழிற்சாலையின் பெயர் போடாமல் எங்களுக்கு எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதில் சொல்கிறோம். தள்ளிவைத்த ஓய்வூதியக் கழிவு அடுத்த இதழில்.